வால் வெட்டுவதற்கு முன்

ஜூன் 3, திங்கள்

இதை எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மேடம். காலைக் கூட்டங்களில் நான் "நோ அப்டேட்" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்பதால், இந்த மாதம் நடப்பதை ஒரு நோட்டில் எழுதி 28ஆம் தேதி நான்கு மணிக்கு உங்கள் மேசையில் வைக்கச் சொன்னீர்கள். எந்த மொழியிலும் எழுதலாம் என்றீர்கள். ஆங்கிலத்தில் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். படிக்க உங்களுக்கு எவ்வளவோ இருக்கும்போது இதையும் சேர்ப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன். சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீங்கள் பார்க்கலாம்.

நம் டிஸ்க் சாதாரண டிஸ்க் இல்லை. ஆயிரக்கணக்கான ஜோன்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஜோனிலும் முதலிலிருந்து வரிசையாகத்தான் எழுத முடியும். நடுவில் போய் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேண்டாம் என்றால் அந்த ஜோனை முழுதாகத் துடைத்துவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும். இப்படி இருப்பதால் நிறையக் கொள்ளும், மலிவாகவும் கிடைக்கும்.

சிக்கல், ஒரு ஃபைலின் கடைசிப் பகுதியை மட்டும் நீக்கச் சொன்னால் வருகிறது. நம் அலுவலகத்தில் அதற்கு வால் வெட்டு என்று பெயர். ஜோனில் பாதியைத் துடைக்க முடியாது. அதனால் வேண்டிய பகுதியைப் புது ஜோனில் நகலெடுத்து, புது முகவரியைக் குறித்துக்கொண்டு, பழைய ஜோனைத் துடைக்கிறோம். நம் மென்பொருளில் இதைச் செய்யும் பகுதியை எழுதியவர் செந்தூரன் சார். இது நடக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பிழைக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வெட்டச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். 28ஆம் தேதி அந்த மென்பொருள் ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்குப் போகிறது. ஸ்கேன் படங்களைச் சேமிப்பதற்காக.

அதே 28ஆம் தேதி என் பயிற்சிக் காலமும் முடிகிறது. இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

பத்து முறை பிடுங்கினேன். எதுவும் கெடவில்லை.

ஜூன் 5, புதன்

இருபத்தாறு முறை. எதுவும் கெடவில்லை.

செந்தூரன் சாரின் மேசையில் ஒரு சுவிட்ச் போர்டு இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதனைக் கம்ப்யூட்டர்களின் கரண்டை நிறுத்திப் போடலாம். சோதனை செய்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் வேலை நடந்துகொண்டிருந்ததால் நான் கையால் பிடுங்குகிறேன். என் மேசைக்கு அடியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிறது. கம்ப்யூட்டர், டிஸ்க் இரண்டின் ஒயரும் அதில்தான் போகின்றன. குனிந்து அதன் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் அணையும்.

டீ எடுத்துக்கொண்டு போன செந்தூரன் சார் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க நாகஜோதி, மேசைக்கடியில குடித்தனமே வந்துட்டீங்களா?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன். தலை மேசையில் இடித்துக்கொண்டதால் சரியாக நினைவில்லை.

விடுதியில் தண்ணீர் ஆறு மணிக்கே நின்றுவிட்டது. என் அறைத்தோழி மெர்லின் இரண்டு பக்கெட் பிடித்து வைத்திருந்தாள். ஒன்று எனக்கு.

ஜூன் 7, வெள்ளி

நாற்பத்தொன்றாவது முறை ஒன்று நடந்தது.

கரண்ட் போனால் ஃபைல் பழைய நீளத்தில் இருக்கலாம், அல்லது வெட்டிய நீளத்தில் இருக்கலாம். இரண்டும் சரி. இன்று பெயர் இருந்தது, பழைய நீளமும் இருந்தது, உள்ளே முதலிலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்யம். வெட்டச் சொன்னது வாலை மட்டும். போனது முழு உடம்பும்.

நான் ஏதோ தப்பாகச் செய்திருக்க வேண்டும். திங்கட்கிழமை சொல்லலாம்.

ஜூன் 10, திங்கள்

செந்தூரன் சாருக்கு மின்னஞ்சலில் எழுதினேன். எனக்கும் அவருக்கும் இடையில் எட்டடிதான். இருந்தாலும் மின்னஞ்சலில் எழுதினேன்.

உடனே எழுந்து வந்தார். கோபமெல்லாம் இல்லை. தன் போர்டில் முந்நூறு முறை ஓட விட்டு, சாயங்காலம் திரையைத் திருப்பிக் காட்டினார். முந்நூறும் பச்சை.

"ஒருவேளை உங்க டிஸ்க் பழசாட்ட இருக்குதுங்க. மாத்திக் குடுக்கச் சொல்றேன்" என்றார்.

மாற்றித் தந்தார்கள். நன்றி சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

புது டிஸ்க். முப்பத்தெட்டு முறை. ஒன்று பூஜ்யம்.

ஜூன் 12, புதன்

இதுவரை நூற்றைம்பதில் மூன்று. நூற்றுக்கு இரண்டு என்றால் அதிகமா குறைவா என்று யாரிடமும் கேட்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு, சும்மாதான், வால் வெட்டுக்காக எழுதிய நிரலைத் திறந்து படித்தேன். சோதனைக் குழுவில் இருப்பவர்களும் அதைப் பார்க்கலாம், தடையில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே திறந்தேன். நகலெடு, குறித்துக்கொள், துடை. வரிசை மிகச் சரியாக இருந்தது. செந்தூரன் சாரின் கையெழுத்தைப் போலவே அவர் எழுதும் நிரலும் சுத்தமாக இருக்கிறது. குறை எதுவும் கண்ணில் படவில்லை. மூன்று முறை படித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் என் கம்ப்யூட்டரில் ஒரு தனி இடத்தில் நகலெடுத்து வைத்தேன். படிப்பதற்காகத்தான்.

மெர்லின் ஒரு எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறாள். மார்த்தாண்டம் ஊர். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன என்றாள். சொன்னேன். ஒருவர் அந்த சுவிட்ச் போர்டில் செய்தால் சரியாக வருகிறது, நான் கையால் செய்தால் தப்பாக வருகிறது என்றேன்.

"அப்ப நீயும் அந்த போர்டுல செய்ய வேண்டியதுதானே பிள்ளே?"

அது எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும் என்றேன்.

"கேட்டியா?"

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவள் விடவில்லை.

"கேட்டா என்ன, தின்னுருவாவளா? ஒரு வாரமா மேசைக்கடியில குனிஞ்சு பிளக்கு புடுங்குதா. நாளைக்கு முதுகு வலிக்கின்னு எங்கிட்டதான் வருவா."

மேடம், சென்ற புதன்கிழமை போர்டில் வேலை நடந்ததாக எழுதியிருக்கிறேன். அப்போது அதில் வேலை எதுவும் நடக்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 14, வெள்ளி

அப்பா போன் செய்தார். சாத்தூர் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறார். கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது எனக்குப் போன் அடிப்பார். என் வேலை என்ன என்று ஏறி இறங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். சரியாகச் சொல்லித் தரச் சொன்னார். எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏத்தா, பிளக்கப் புடுங்கிட்டுப் புடுங்கிட்டு மாட்டுறதா? அதைத்தான் ஒங்க அம்மா மிக்சியில டெய்லி பண்றா. அவளுக்கு யாரு டிகிரி குடுத்தா?"

சந்தைக்குப் போக அதே பஸ்ஸில் ஏறியிருந்த அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. நல்ல வார்த்தை இல்லை. கம்ப்யூட்டரில் பெரிய வேலை என்று மட்டும் சொல்லிக்கொள்ளச் சொன்னேன். ஹாரன் அடித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 17, திங்கள்

காலைக் கூட்டத்தில் ஏதாவது தடை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

இருக்கிறது, மேடம். இருநூற்று முப்பதில் ஐந்து.

இன்று மருத்துவமனைக்காரர்கள் சோதனைக்கு மாதிரிப் படங்கள் அனுப்பினார்கள். ஆட்களின் பெயரை நீக்கி அனுப்பியிருந்தார்கள். முழங்கால், பெண், 61. தலை, ஆண், 8. ஸ்கேன் எடுக்கும்போது ஆள் அசைந்துவிட்டால் அந்தக் கடைசித் துண்டை அவர்களின் மென்பொருள் வெட்டிவிட்டு மறுபடி எடுக்குமாம். அதாவது ஒரு நாளைக்கு எத்தனையோ வால் வெட்டு. எட்டு வயதில் எந்தப் பிள்ளை அசையாமல் படுக்கும்? அப்போது கரண்ட் போனால் நூற்றில் இரண்டு பேருக்கு மறுபடி முதலிலிருந்து. அல்லது, எடுத்தாகிவிட்டது என்று ஆளை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள்.

இதை இன்று கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து செந்தூரன் சாரின் மேசைக்கு அடியில் போனேன். யாராவது பார்த்தால் பேனா விழுந்துவிட்டது என்று சொல்வதற்காக ஒரு பேனாவைக் கையில் வைத்திருந்தேன்.

போர்டிலிருந்து போகும் ஒயர்களை விரலால் பிடித்துக்கொண்டே கடைசி வரை போனேன். எல்லாம் கம்ப்யூட்டர்களுக்குத்தான் போகின்றன. டிஸ்க்குகள் தனி ரேக்கில் இருக்கின்றன. ரேக்கின் ஒயர் நேராகச் சுவருக்குப் போகிறது. போர்டை அணைத்தால் கம்ப்யூட்டர் மட்டும் சாகிறது, டிஸ்க்குக்குக் கரண்ட் நிற்பதே இல்லை.

டிஸ்க் நாம் அனுப்புவதை முதலில் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடும். பிறகு தனக்கு வசதியான வரிசையில் நிஜமாக எழுதும். கரண்ட் இருக்கும்வரை அது சொன்னபடி செய்துவிடும். அதனால்தான் முந்நூறும் பச்சை. என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கினால் டிஸ்க்கும் சேர்ந்து சாகிறது. பழைய ஜோனைத் துடைத்திருக்கும், புது முகவரி அதன் நினைவிலேயே இருந்து போயிருக்கும்.

இதை ஒரு தாளில் எழுதி, ஒயர்களின் படமும் வரைந்து, அவர் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நிமிடம் அங்கே இருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார். காலும் செருப்பும் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை.

"எழுதிட்டேன்னு அது சொல்லுச்சுங்க. நான் நம்பிட்டேன்" என்றார்.

பிறகு, நான் இதை எப்போது கண்டுபிடித்தேன் என்று கேட்டார். இன்றுதான் என்றேன். பூஜ்யம் எத்தனை முறை வந்தது என்றார். ஐந்து என்றேன்.

"அஞ்சா? எங்கிட்ட ஒண்ணுன்னுதானுங்களே சொன்னீங்க?"

ஜூன் 19, புதன்

நீங்களும் வந்து நின்றீர்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் பிடுங்கினேன், செந்தூரன் சார் ஃபைலைத் திறந்து பார்த்தார், நீங்கள் எண்ணினீர்கள். பதினைந்து வரை எதுவும் கெடவில்லை. இத்தனை பேர் நிற்கும்போது ஒன்றும் நடக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். டிஸ்க் கெட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருபத்து மூன்றாவது முறை செந்தூரன் சார் "வந்துருச்சுங்க" என்றார், ஏதோ விருந்தாளி வந்தது போல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மன்னிக்கவும்.

ஜூன் 21, வெள்ளி

செந்தூரன் சார் இரண்டு நாளில் திருத்தினார். முகவரியைக் குறித்ததும், "நினைவில் வைத்திருப்பதையெல்லாம் இப்போதே நிஜமாக எழுதிவிட்டுச் சொல்" என்று டிஸ்க்குக்கு ஒரு கட்டளை. அதற்கு அது பதில் சொன்ன பிறகே துடைப்பது. ஐம்பது முறை பிடுங்கினேன், ஒரு பூஜ்யமும் இல்லை. எல்லோரும் சமோசா சாப்பிட்டோம்.

ஐம்பத்தொன்றாவது முறை நான் பிளக்கைத் தொடக்கூட இல்லை, டிஸ்க் முழுவதும் பூட்டிக்கொண்டது. ஒரு பக்கம் ஸ்கேன் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் வெட்டச் சொன்னால், வழியில் வந்துகொண்டிருந்த ஒரு துண்டு, துடைத்த ஜோனுக்குள் பழைய இடத்தைத் தேடிப் போய் இறங்குகிறது. அந்த ஜோனில் இனி முதலிலிருந்துதான் எழுத முடியும். டிஸ்க் மறுக்கிறது. நம் மென்பொருள் பயந்துபோய் எல்லாவற்றையும் எழுத முடியாதபடி பூட்டிவிடுகிறது.

சமோசா மீதி இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

இன்றைய கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான்கு நாளில் இதை ஒழுங்காகத் திருத்த முடியாது என்று செந்தூரன் சார் சொன்னார். மருத்துவமனைக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் தள்ளினேன். செந்தூரன் சார் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

இப்போதைக்கு வாலை வெட்டவே மறுத்துவிடலாம் என்றார். முழு ஃபைலையும் காலி செய்யச் சொன்னால் செய்வோம், அது ஜோனை முழுதாகத் துடைப்பதுதான், அதிலும் வழியில் வருவதற்குக் காத்திருந்துவிட்டுத் துடைப்போம். நடுவில் வெட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுவோம். அசைந்த துண்டு ஃபைலின் கடைசியில் அப்படியே கிடக்கட்டும், அவர்கள் அதைப் படிக்காமல் தாண்டிப் போகலாம். இடம் கொஞ்சம் வீணாகும், எந்தப் படமும் காணாமல் போகாது.

நல்ல யோசனை என்றீர்கள்.

"என்ர யோசனை இல்லைங்க மேடம். இந்தப் புள்ளை சீட்டுல எழுதிக் குடுத்தது. நான் சும்மா படிச்சேன்" என்று சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

அந்தச் சீட்டின் பின்பக்கம் என் விடுதியின் துணிக் கணக்கு இருந்தது. சுடிதார் 3, துண்டு 2, மற்றவை 6. எல்லோரும் பார்த்தார்கள்.

மருத்துவமனைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டதாகச் சாயங்காலம் சொன்னீர்கள்.

ஜூன் 25, செவ்வாய்

வெட்ட முடியாது என்று மென்பொருள் சொல்லும் செய்தியை என்னை எழுதச் சொன்னார்கள். ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் எழுதியதில் இரண்டு முறை மன்னிப்பு இருந்தது. இயந்திரம் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று செந்தூரன் சார் இரண்டையும் அடித்துவிட்டார்.

ஜூன் 26, புதன்

காற்று பலமாக அடித்து, சரவணம்பட்டி முழுவதும் நான்கு முறை கரண்ட் போனது. என் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நான்கையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

இந்த வாரம் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு பூஜ்யமும் இல்லை, ஒரு பூட்டும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளை தளர்ந்து பிளக் தானாகவே விழுகிறது. செந்தூரன் சார் தன் போர்டை என் மேசைக்கு எடுத்து வந்து, டிஸ்க்கின் ஒயரையும் அதில் மாட்டிக் கொடுத்தார். முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பேன் என்றார்.

முன்பே கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காதே என்று சொன்னேன். வாயால் சொன்னேன், மேடம். அவருக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

மெர்லின் என் வலது கையைப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தாள். காலையில் பத்து, மாலையில் பத்து.

ஜூன் 28, வெள்ளி

பதினொன்றரைக்கு அனுப்பியாகிவிட்டது. மருத்துவமனைப் பக்கத்திலிருந்து முதல் படம் சேமித்ததாகத் தகவல் வந்தது. தோள்பட்டை, ஆண், 34. செந்தூரன் சார் கைதட்டத் தொடங்கி, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். பிறகு நான் தட்டினேன். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

மதியம் என் பயிற்சிக் காலம் முடிந்த கடிதத்தைக் கொடுத்தீர்கள். சோதனைக் குழுவில் நிரந்தரம். மிகவும் நன்றி, மேடம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸிலேயே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்ன வேலை என்று ஒருவர் கேட்டதற்கு, டாக்டருங்க எடுக்குற படம் அழியாம பாத்துக்கிற வேலை என்றாராம். நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக இருக்கிறது.

இப்போது மணி மூன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடத்தில் இதை உங்கள் மேசையில் வைக்க வேண்டும். அரை மணி நேரமாக இதே பக்கத்தில் நிற்கிறேன்.

ஜூலை மாத வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது வரியில், வால் வெட்டை முழுமையாக எழுதுவது என்று இருக்கிறது. செந்தூரன் சார் வேறு பகுதிக்குப் போகிறார் என்பதால் எதிரில் யார் பெயரும் இல்லை. அந்த வரியைக் காலையிலிருந்து நான்கு முறை போய்ப் படித்துவிட்டேன்.

12ஆம் தேதி படிப்பதற்காக நகலெடுத்தேன் என்று எழுதினேன் இல்லையா? படித்தேன். பிறகு திருத்தவும் செய்தேன், மதிய இடைவேளைகளில். நான் திருத்தியது முதலில் புதிதாக எழுத வருபவற்றை நிறுத்தி வைக்கிறது. வழியில் வருபவை வந்து சேரும்வரை காத்திருக்கிறது. நகலெடுத்து, நிஜமாகவே எழுதியாகிவிட்டதா என்று டிஸ்க்கிடம் கேட்கிறது. புது முகவரியைக் குறித்து, மறுபடியும் கேட்கிறது. அதன் பிறகே பழையதைத் துடைக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி. நூற்றெண்பது முறை பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை தவறியது. பழைய ஜோனைத் துடைக்காமல் விட்டுவிட்டது, படம் முழுதாக இருந்தது. ஏன் என்று தெரியும், இன்னும் திருத்தவில்லை. யாருக்கும் காட்டவில்லை.

நான் சோதனைக் குழு என்பது தெரியும். கல்லூரியில் ஃபைல் சிஸ்டம் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் இருந்தது, அதையும் ஆசிரியர் விடுப்பில் போனதால் நடத்தவில்லை. தப்பாக எழுதியிருந்தால் செந்தூரன் சார் அடித்துக் கொடுக்கட்டும், மறுபடி எழுதுகிறேன். என் பிளக்கை வேறு யாராவது பிடுங்கட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும்.

மேடம், அந்த ஐந்தாவது வரியை எனக்குக் கொடுங்கள்.

நாகஜோதி